ஊறுகாயும் உயிர்ச்சத்தும்

புதுவை நகரின் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டை 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, மத்தியதரைக் கடல் நாடுகளினின்று வந்த இருபிடிச் சாடிகளின் ஓடுகள் பல கிடைத்தன. அவற்றுட் பல திராட்சை மது கொணர்ந்தவை. சில மீனை உப்பிலிட்டுச் செய்த சாறு கொணர்ந்தவை என்பர் ஆய்வாளர். விளைந்த இடத்தையும் பருவத்தையும் கடந்து உணவைக் காக்கும் கலை இல்லையேல் அவ்வாணிகம் நிகழ்ந்திராது. அக்கலையால் கனி கெடாது நின்றது. கனியின் சத்தும் உடன் நின்றதா? இவ்வினாவைப் பழந்தமிழ்ச் சான்றுகளோடு இணைத்து ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் சொற்களை நோக்குவோம். 'ஊறுகாய்' என்பது முக்காலமும் கரந்து நிற்கும் வினைத்தொகை. 'வற்றல்' என்பது நீர் வற்றுதலைக் குறித்த தொழிற்பெயர். பின்னர் வற்றிய பொருளுக்கே ஆகுபெயராயிற்று. இவ்விரு பெயரும் செய்முறை பற்றி எழுந்தவை. கெடுதியை விளைக்கும் நுண்ணுயிர்கள் வாழ நீர் வேண்டும். அந்நீரை அவற்றுக்கு உதவாதவாறு உப்பாற் பிணித்தல் ஒரு முறை. வெயிலால் நீக்குதல் மற்றொரு முறை. இவ்வேறுபாட்டை நம் சொற்களே தெளிவுறக் காட்டுகின்றன.

இனி, இலக்கியச் சான்றுக்கு வருவோம். தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், பெரும்பாணாற்றுப்படையில் அந்தணர் மனையிற் பாணர் பெறும் உணவைக் கூறுமிடத்து, மாவடுவால் ஆகிய காடியைச் சுட்டுகிறார். புதுவையை அடுத்த தொண்டை நாட்டில் மாவடுவை ஊறவைக்கும் வழக்கம் பழமையானது என்பதற்கு இது தக்க சான்று. மாங்காயில் சி உயிர்ச்சத்து கனியினும் மிகுதி. ஆயினும் அது நீரிற் கரைவது, காற்றுப்பட அழிவது. ஆதலின், வடு உப்பில் ஊறுங்கால் அச்சத்தின் ஒரு பகுதி உப்புநீரிற் கலக்கும். எஞ்சியதும் நாளடைவிற் குறையும். மேலும், உப்பு மிக்க பண்டத்தைச் சிறிதளவே உண்ண இயலும். எனவே ஆண்டு முழுதும் நின்றது பெரும்பாலும் சுவையே எனலாம்.

வற்றலின் நிலை இன்னும் கடினமானது. வெப்பமும் காற்றும் சி உயிர்ச்சத்தை அழிக்கும். கனிக்கு மஞ்சள் நிறம் நல்கும் கரோட்டினை ஒளியும் காற்றும் சிதைக்கும். கரோட்டின் நீரிற் கரையாதது. ஆதலின் ஊறலில் தப்புவது, வெயிலில் மெலிகிறது. நிழலில் உலர்த்துதல் இவ்விழப்பை ஓரளவு குறைக்கும்.

மூன்றாவது முறை பிரெஞ்சு நாட்டிற் பிறந்தது. நிக்கோலா அப்பேர் என்பார், புட்டியில் அடைத்து மூடிக் கொதிநீரில் வைத்து உணவைக் காக்கும் முறையை 1810-இல் நூலாக வெளியிட்டு, அரசிடம் 12,000 பிராங்கு பரிசு பெற்றார். அந்நாளிற் புதுவை ஆங்கிலேயர் வசம் இருந்தது. 1816-இலேயே பிரெஞ்சுக்காரர் அதனை மீளப் பெற்றனர். உணவு கெடாமைக்குரிய காரணத்தை அப்பேர் அறிந்திலர். பின்னர் 1860-களில் பஸ்தேரின் ஆய்வுகளே நுண்ணுயிர்களின் பங்கை விளக்கின. இம்முறையில் வெப்பத்தால் சி உயிர்ச்சத்து ஓரளவு அழியினும், காற்றுப் புகாமையால் எஞ்சியது பெரிதும் நிலைக்கிறது. கரோட்டினும் மிகுதியும் தங்குகிறது.

இப்பொது நெறிக்கு நெல்லி ஒருவாறு விலக்காகும். 100 கிராம் நெல்லியில் சி உயிர்ச்சத்து சில நூறு மில்லிகிராம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியற் கூடத்தில் எம். தாமோதரனும் கே. ஆர். நாயரும் ஆராய்ந்து, நெல்லியின் துவர்ப்பொருளாகிய டானின் அச்சத்தை அழியாது காக்கும் தன்மையுடையது என 1936-இல் வெளியிட்டனர். பிற்காலத்தார் சிலர், ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் ஆற்றல் அத்துவர்ப்பொருள்களுக்கே சிறந்துரியது என்றனர். சிலர் உயிர்ச்சத்தின் பங்கையும் வலியுறுத்தினர். எவ்வாறாயினும், உலர்ந்த நெல்லியிலும் குறிப்பிடத்தக்க பயன் எஞ்சுகிறது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த செய்தியைக் (புறம். 91) கொண்டு, பழந்தமிழர் உயிர்ச்சத்தை அறிந்திருந்தனர் என எழுதுவார் உளர். சி உயிர்ச்சத்து தனித்துப் பிரித்தெடுக்கப்பட்டது 1928-இல். அதுவே ஸ்கர்வி நோயைத் தடுப்பது எனத் தெளியப்பட்டது 1932-இல். புலவர் வியந்தது கனியின் வேதியியலை அன்று. வாழ்நாளை நீட்டும் அரிய கனியின் பெற்றியைத் தன்னுள் அடக்கி, தான் உண்ணாது ஈந்த தலைவனின் வண்மையை. அப்பாட்டை உணவியற் சான்றாக்கின், அறிவியலும் பிழைபடும்; பாட்டின் உயிர்ப்பொருளும் மறையும். அன்றியும், அது காத்துவைத்த கனியுமன்று.

முன்னோர் அறிந்தது யாது? எது கெடும், எது நிற்கும் என்பதை நெடுநாட் பயிற்சியால் அறிந்தனர்; அவ்வறிவைச் சொற்களிற் பொதிந்து வைத்தனர். வடு, வற்றல், ஊறல், பாகு முதலிய சொற்களை வட்டாரந்தோறும் செய்முறையோடு தொகுத்து, உணவியலார் அளவைகளின் அருகில் வைத்தல் நம் முதுகலை மாணவர்க்கு உரிய பணியாகும். அத்தொகுப்பு நிறைவுறும்போதுதான், முன்னோர் அறிவை மிகைப்படுத்தாமலும் குறைத்து மதிப்பிடாமலும் நாம் உரைக்க இயலும்.