இறுதித் தேர்வுக்குத் தயாராவது எப்படி? கேமரன் மலைத் தோட்டத்து மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் சுற்றுவட்டாரத் தேயிலைத் தோட்டங்களில் வளர்ந்த பிள்ளைகள் பலர் மேற்படிப்புக்காக மலையிலிருந்து இறங்குகிறார்கள். ஈப்போவின் உங்கு ஓமார் பொலிடெக்னிக், கோப்பெங்கின் பேராக் மெட்ரிகுலேஷன் கல்லூரி, தஞ்சோங் மாலிமின் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் ஆகியவை அவர்கள் செல்லும் இடங்களில் சில. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்களும் இவர்களில் உண்டு. ஒரு பாடத்தில் தவறினால் படிப்பு ஒரு பருவம் நீளலாம். அந்தச் செலவு தோட்டத்துக் குடும்பத்துக்குப் பெருஞ்சுமை.

முதலில் கணக்குப் போடுங்கள்

பல பாடங்களில் தொடர் மதிப்பீட்டுக்கு ஒரு பங்கும் இறுதித் தேர்வுக்கு ஒரு பங்கும் உண்டு. 60:40 என்று வைத்துக்கொள்வோம். தொடர் மதிப்பீட்டில் 42 புள்ளி எடுத்தவர் 50 புள்ளியைத் தொட, தேர்வில் 8 போதும். 27 எடுத்தவருக்கு 23 தேவை. இதை எல்லாப் பாடங்களுக்கும் எழுதிப் பார்த்தால் நேரத்தை எங்கே கொட்ட வேண்டும் என்பது தெரிந்துவிடும். சில பாடங்களில் இறுதித் தேர்வுக்கெனத் தனியாகக் குறைந்தபட்சப் புள்ளி கேட்பதுண்டு. அதை விரிவுரையாளரிடம் உறுதி செய்துகொள்வது நல்லது. வருகைப் பதிவு குறைந்தால் தேர்வு எழுதவே அனுமதி கிடைக்காமல் போகலாம், அதையும் பார்த்துவிடுங்கள்.

வாசிப்பதைவிட எழுதிப் பாருங்கள்

குறிப்பைத் திரும்பத் திரும்ப வாசித்தால் எல்லாம் தெரிந்ததுபோல் இருக்கும். 2006-இல் அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை மீண்டும் வாசித்த மாணவர்கள் ஒரு வாரம் கழித்து அதில் 42 விழுக்காட்டை நினைவில் வைத்திருந்தனர். ஒருமுறை வாசித்துவிட்டு, பாராமல் எழுதிப் பார்த்தவர்களுக்கோ 56 விழுக்காடு நினைவிருந்தது. எனவே ஒரு தலைப்பைப் படித்ததும் நோட்டை மூடி, நினைவில் உள்ளதை எழுதுங்கள். விடுபட்டதை மட்டும் மீண்டும் படியுங்கள். அதே தலைப்பை மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து எனச் சோதித்துப் பாருங்கள்.

முந்தைய ஆண்டுத் தேர்வுத்தாள்களை நேரம் குறித்து எழுதுவது அடுத்த படி. மூன்று தாளையாவது முழுமையாக எழுதிப் பார்த்தால் கேள்வி வரும் விதம் பிடிபடும்.

கேள்விச் சொல்லைக் கவனியுங்கள்

தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவர்களுக்கு மலாயிலோ ஆங்கிலத்திலோ கேள்வி வரும்போது, விடை தெரிந்தும் புள்ளி குறைவதுண்டு. ‘ஹுராய்கான்’ என்றால் விவரிக்க வேண்டும். ‘பண்டிங்கான்’ என்றால் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். ‘பின்சாங்கான்’ என்றால் பல கோணங்களில் விவாதிக்க வேண்டும். ஒப்பிடச் சொன்ன இடத்தில் இரண்டையும் தனித்தனியே விவரித்தால் முழுப் புள்ளி கிடைக்காது. ஒவ்வொரு பாடத்தின் கலைச்சொற்களையும் தமிழ் விளக்கத்தோடு ஒரு சிறு நோட்டில் எழுதி வையுங்கள்.

வீடா, விடுதியா?

தேர்வுக்கு முந்தைய படிப்பு விடுமுறையில் வீட்டுச் சாப்பாடும் மலைக்குளிரும் இழுக்கும். ஆனால் தோட்ட வீட்டில் தனி அறை கிடைப்பது அரிது. சில இடங்களில் இணையச் சேவையும் மந்தம். வீட்டுக்குப் போவதென்றால் குறிப்புகளையும் பழைய தேர்வுத்தாள்களையும் முன்கூட்டியே பதிவிறக்கிக்கொள்ளுங்கள். பெற்றோர் வேலைக்குப் போன பிறகு வீடு அமைதியாக இருக்கும்; கடினமான பாடத்துக்கு அந்த நேரம் ஏற்றது. பெற்றோரிடம் தேர்வு அட்டவணையைக் கொடுத்து வையுங்கள். எந்த நாளில் விசேஷத்துக்குக் கூப்பிடக்கூடாது என்பது அவர்களுக்கும் தெரியும்.

மழைக்காலத்தில் தாப்பா சாலையிலும் சிம்பாங் பூலாய் சாலையிலும் மண்சரிவு ஏற்படுவதுண்டு. அதனால் தேர்வுக்கு இரண்டு நாள் முன்னதாகவே மலையிறங்கிவிட வேண்டும்.

தேநீரும் தூக்கமும்

தேயிலை மலையில் பிறந்தவர்களுக்கு இரவெல்லாம் தேநீர் குடித்துப் படிப்பது இயல்பாகத் தோன்றலாம். குடித்த தேநீரின் கஃபீனில் பாதியளவு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் கழித்தும் உடலில் இருக்கும். படித்தது மனத்தில் பதிவதோ தூக்கத்தில்தான். ஆகவே கடைசிக் குவளையை மாலையோடு நிறுத்துங்கள்.

தேர்வு நாளில் அடையாள அட்டை, தேர்வு அனுமதிச் சீட்டு, இரண்டு பேனா, கைக்கடிகாரம் ஆகியவற்றை முந்தைய இரவே எடுத்து வையுங்கள். தாள் கைக்கு வந்ததும் முழுவதையும் ஒருமுறை வாசித்து, நன்றாகத் தெரிந்த கேள்வியிலிருந்து தொடங்குங்கள். எந்தக் கேள்வியையும் வெறுமையாக விடாதீர்கள். ஓரளவு சரியான விடைக்கும் புள்ளி உண்டு.