‘நெடுந்தீவு அருகே’

“நெடுந்தீவு அருகே மீன்பிடித்துக் கொண்டிருந்த ராமேஸ்வரம் மீனவர்கள் கைது.” இந்த வரியை நீங்கள் எத்தனை முறை படித்திருப்பீர்கள்? காலையில் காபியோடு படித்துவிட்டு, ‘பாவம்’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருப்போம். நானும் பல வருடம் அப்படித்தான். அந்த வரியில் ‘அருகே’ என்ற சொல்லோடு என் கவனம் நின்றுவிடும். நெடுந்தீவில் மனிதர்கள் இருக்கிறார்களா, என்ன மொழி பேசுகிறார்கள், தண்ணீருக்கு என்ன செய்கிறார்கள் என்றெல்லாம் யோசித்ததே இல்லை.

இருக்கிறார்கள். நம்மைப் போலவே தமிழ் பேசுகிறவர்கள்தான். ஆயிரம் வீடு, கோயில், தேவாலயம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் உள்ள பழைய ஊர் அது. திருமணிமுத்தாற்றுக் கரையில் உட்கார்ந்துகொண்டு தீவைப் பற்றி எதற்குப் பேச்சு என்று கேட்பீர்கள். நம் அடுக்ககத்துக் கூட்டங்களை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். தண்ணீர், லிஃப்ட், ஜெனரேட்டர் என்ற மூன்றைச் சுற்றித்தான் பேச்சு ஓடும், சண்டையும் ஓடும். நெடுந்தீவின் கதையைப் படிக்கப் படிக்க எனக்கு அந்தக் கூட்டங்கள்தான் ஞாபகம் வந்தன. லிஃப்ட்டுக்குப் பதில் அங்கே படகு, அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே பாக் நீரிணையில் சிதறிக் கிடக்கும் தீவுகளில் நகரத்திலிருந்து மிகவும் தள்ளி இருப்பது நெடுந்தீவு. பரப்பு சுமார் 50 சதுர கிலோமீட்டர். ராமேஸ்வரத்திலிருந்தும் ஏறக்குறைய 50 கிலோமீட்டர்தான். நாம் சேலத்திலிருந்து நாமக்கல் போகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போர்ச்சுகீசியர் இதைப் பசுக்களின் தீவு என்று அழைத்தார்கள். 1658இல் அவர்களிடமிருந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்த டச்சுக்காரர்கள் தங்கள் நாட்டு நகரம் ஒன்றின் பெயரை இதற்கு வைத்தார்கள்: டெல்ஃப்ட். இலங்கையின் ஆங்கில ஆவணங்களில் இன்றும் அதே பெயர்தான். ஊர்க்காரர்கள் அதைச் சட்டை செய்யாமல் நெடுந்தீவு என்றே சொல்லி வருகிறார்கள்.

டச்சுக்காரர்கள் இங்கே குதிரை வளர்த்தார்கள். பிறகு வந்த ஆங்கிலேயரும் வளர்த்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்ற படை அதிகாரி தீவை நிர்வகித்தார். அவர் பெயர் ஊர்ப் பேச்சில் இன்னும் உண்டு. ஆட்சிகள் போய்விட்டன, குதிரைகள் மட்டும் போகவில்லை. உரிமையாளர் இல்லாமல் நூற்றுக்கணக்கில் இன்றும் மேய்கின்றன. சுற்றுலாப் பயணிகள் படம் எடுப்பது இவற்றைத்தான். கோடை முற்றினால் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் இவை செத்து விழுவதும் உண்டு. அது அவ்வளவாகப் படத்தில் வருவதில்லை.

அந்தக் காலத்தில் யாழ்ப்பாணப் பகுதியிலும் மன்னாரிலும் துணிக்குச் சிவப்புச் சாயம் தரும் சாயவேரையும் தோண்டி எடுத்தார்கள். நம் ஊரில் தறி ஓட்டிய வீடுகளில் பிறந்தவர்கள் யாராவது இருந்தால் அந்தப் பெயரைத் தாத்தா காலத்துப் பேச்சில் கேட்டிருக்கலாம்.

தண்ணீருக்கு வருகிறேன். நம் பக்கம் முழுக்கப் பாறை. போர் போடும்போது எத்தனை அடிக்குப் போனாலும் பாறை வெடிப்பில் தண்ணீர் மாட்டினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. “இன்னும் நூறு அடி இறக்கிப் பாருங்க” என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். நெடுந்தீவில் அப்படிச் சொல்லிவிட்டால் கதை முடிந்தது. யாழ்ப்பாணத்தைப் போல அதுவும் சுண்ணாம்புக்கல் பூமி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிற மழை கல்லுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் கடல் தண்ணீரின் மேல் மிதக்கிறது. நல்ல தண்ணீர் எடை குறைவு, உப்புத் தண்ணீர் எடை கூட, அதனால்தான் மிதக்கிறது. இதற்கு ஒரு கணக்கு உண்டு. கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் 1 மீட்டர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் வரைக்கும் நல்ல தண்ணீர் இருக்கும். கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? அதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். மோட்டார் வைத்து உறிஞ்சி மேல்மட்டத்தை 1 மீட்டர் குறைத்தால், அடியில் உப்பு 40 மீட்டர் மேலே ஏறிவரும். ஒரு வீட்டுக்காரர் ஆழமாகத் தோண்டி இஷ்டத்துக்கு இறைத்தால் அவர் கிணறு மட்டும் கெடாது, பக்கத்துக் கிணறுகளும் கெடும். இத்தனைக்கும் அந்தத் தண்ணீரைக் கண்ணால் பார்க்க முடியாது, யார் எவ்வளவு எடுத்தார்கள் என்று அளக்கவும் முடியாது.

அதனால் அங்கே நல்ல தண்ணீர்க் கிணறு என்றால் ஆழமில்லாத கிணறுதான். சாராப்பிட்டி என்ற இடத்துக் கிணறுகள் இதில் பேர்போனவை. கிணற்றடியில் குடத்தோடு காத்திருப்பதும், சைக்கிளில் கேன் கட்டிக்கொண்டு போவதும், தண்ணீர் லாரிக்கு வரிசை நிற்பதும் அந்த ஊர் வாழ்க்கையின் பாதி. அங்கே தண்ணீர் லாரியைப் ‘பவுசர்’ என்பார்கள். அண்மை ஆண்டுகளில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையமும் வந்திருக்கிறது. ஆனால் அது மின்சாரம் இருந்தால்தான் ஓடும். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று வந்து நிற்கும் என்பது நமக்குத் தெரியாததா? கரண்ட் போனால் மோட்டார் போச்சு, மோட்டார் போனால் மேல்தொட்டி போச்சு.

இடையில் வேலியைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. நம் கொங்குப் பக்கத்து மேய்ச்சல் காடுகளில் கிளுவை வேலி பார்த்திருப்பீர்கள். யாழ்ப்பாணத்திலும் கிளுவங் கதியாலை நட்டு வேலி போடுவது பழைய வழக்கம். இவ்வளவு கடல் தாண்டி ஒரே மரம், ஒரே பெயர், ஒரே வேலை! நெடுந்தீவின் அடையாளமோ வேறு வேலி. பவளப்பாறைக் கற்களைச் சுண்ணாம்போ சிமென்ட்டோ இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். வயலில் பொறுக்கிய கல்லே மாட்டையும் குதிரையையும் தடுக்கும் சுவராகியிருக்கும் என்று நினைக்கிறேன். வீட்டைச் சுற்றி, தோட்டத்தைச் சுற்றி, பனந்தோப்பின் ஓரமாக, ஆள் போய்ப் பாழடைந்த வளவைச் சுற்றியும் அந்த வேலி நிற்கிறது.

ஆள் ஏன் போனார்கள் என்பதற்குப் படகைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து பஸ் ஏறினால் பண்ணை, வேலணை, புங்குடுதீவு என்று கடல் நடுவே போட்ட சாலைகளில் போய்க் குறிகட்டுவான் என்ற துறையில் இறங்கலாம். தரை வழி அதோடு சரி. அங்கிருந்து நாகபூஷணி அம்மன் கோயில் இருக்கும் நயினாதீவுக்குக் கால் மணி நேரம். நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரம், காற்று ஒத்துழைத்தால். பிரசவ வலி எடுத்தாலும், அரசாங்க ஆபீஸில் ஒரு கையெழுத்து வேண்டுமானாலும் பல சமயம் அந்த ஒரு மணி நேரத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும். யாழ்ப்பாணப் பக்கம் காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே ஆளையும் வண்டியையும் ஏற்றிச் செல்லும் மிதவைக்குப் ‘பாதை’ என்றே பெயர். எவ்வளவு சரியான சொல்! நெடுந்தீவுக்கு ஓடிய ‘குமுதினி’ படகை நடத்தியதும் சாலை போடுகிற துறைதான்: இலங்கையின் வீதி அபிவிருத்தி அதிகார சபை. சாலையில் நடக்கக் காசு கேட்க மாட்டார்கள் அல்லவா, அதுபோல அந்தப் படகில் ஏறவும் கட்டணம் இல்லை. தண்ணீர்மேல் போட்ட பொதுச் சாலை என்று அதைச் சொல்லலாம்.

1985 மே 15ஆம் தேதி காலை குமுதினி நெடுந்தீவிலிருந்து கிளம்பியது. நடுக்கடலில் வேறொரு படகில் வந்தவர்கள் அதை மறித்து ஏறினார்கள். பயணிகளை வெட்டியும் குத்தியும் கொன்றார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் அடக்கம். குறைந்தது 23 பேர் இறந்ததாக ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் பதிவு செய்தது. ஊர்க்காரர்கள் சொல்லும் எண்ணிக்கை முப்பதைத் தாண்டும். தப்பியவர்களின் சாட்சியம் கடற்படையினரைச் சுட்டியது. யாரும் தண்டிக்கப்படவில்லை. ஆண்டுதோறும் மே 15இல் தீவின் மாவிலித்துறையில் விளக்கேற்றி நினைவுகூர்கிறார்கள்.

இதில் என்னை உறுத்தியது அதற்குப் பிறகு நடந்தது. ரத்தம் தோய்ந்த அதே படகைக் கழுவி, பழுது பார்த்து, மறுபடி ஓட்டினார்கள். பல வருடம் ஓடியது. இறந்தவர்களின் அக்கா தங்கைகளும் பிள்ளைகளும் அதே பலகையில் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்வந்திருப்பார்கள். வேறு வழி கிடையாது. இதைத் தைரியம் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்வது நமக்கு வசதியாக இருக்கும், அவ்வளவுதான்.

போகக்கூடியவர்கள் போனார்கள். வன்னிக்கு, கொழும்புக்கு, கனடாவுக்கு, ஐரோப்பாவுக்கு. 2012 கணக்கெடுப்பின்போது தீவில் எஞ்சியிருந்தவர்கள் நாலாயிரத்தையொட்டித்தான். வெளியே போய்ப் பேர் வாங்கிய நெடுந்தீவுக் குடும்பங்கள் போருக்கு முன்னாலும் உண்டு. 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டை நடத்திய தனிநாயகம் அடிகளை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர் பிறந்தது ஊர்காவற்றுறைக்கு அருகில் கரம்பனில். தந்தை வழியில் நெடுந்தீவு.

போர் முடிந்தபின் புதுப் படகுகள் வந்தன. 2017இல் வடக்கு மாகாண சபை ‘நெடுந்தாரகை’ என்ற பெரிய படகை விட்டது. படகை வாங்குவதற்குப் பணம் கிடைத்துவிட்டது, ஓட்டுகிற செலவை யார் பார்ப்பது என்பதில்தான் இழுபறி. படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஜெனரேட்டர் வாங்குகிற அன்று எல்லோரும் போட்டோவுக்கு நிற்போம், டீசல் கணக்கு வரும் மாதம் யாரும் கூட்டத்துக்கு வர மாட்டோம்.

டீசலும் தீவின் பிரச்சினைதான். நாட்டின் மின்கம்பி கடல் தாண்டி வரவில்லை. ஜெனரேட்டர் ஓட்டித்தான் கரண்ட். அந்த டீசலும் படகில் வர வேண்டும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் வெயிலிலும் காற்றிலும் மின்சாரம் எடுக்கும் திட்டத்தை 2021 ஜனவரியில் ஒரு சீன நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள். நம் கரைக்கு இவ்வளவு பக்கத்தில் சீனர்களா என்று டெல்லி கேட்டது. அந்த ஆண்டு முடிவில் திட்டம் நின்றது. 2022 மார்ச்சில் இந்தியா மானியமாகச் செய்து தருவதாக ஒப்பந்தம் ஆனது. 1 கோடியே 10 லட்சம் டாலர். 2024 மார்ச்சில் பெங்களூரு நிறுவனம் ஒன்றோடு வேலைக்கான ஒப்பந்தம் கையெழுத்தானது. பெய்ஜிங்கும் டெல்லியும் கொழும்பும் பேசி முடிவுக்கு வரும்வரை தீவில் பழைய ஜெனரேட்டர்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது அந்தப் பத்திரிகை வரிக்கு வருவோம். நெடுந்தீவுக்காரர்களும் மீனவர்கள்தான். சிறிய படகு, கையால் போடும் வலை. நம் கரையிலிருந்து போகிற விசைப்படகுகளின் இழுவைமடி கடலடியைச் சுரண்டிக்கொண்டு போகும்போது அவர்கள் வலையையும் அறுத்துக்கொண்டு போகிறது. அடிமட்ட இழுவைமடியை இலங்கை 2017இல் சட்டம் போட்டுத் தடை செய்தது. கைதாகிற ராமேஸ்வரத்துக்காரர்களில் பெரும்பாலோர் கூலிக்குப் போனவர்கள். அவர்கள் வீட்டில் அடுப்பு எரியாது என்பதும் உண்மை, வலை அறுந்த நெடுந்தீவு வீட்டில் அடுப்பு எரியாது என்பதும் உண்மை. நம் செய்தித்தாளில் முதல் உண்மை மட்டும்தான் அச்சாகிறது.

இரண்டு கரையும் சண்டையில்லாமல் சந்திக்கிற இடம் ஒன்று உண்டு. நாம் அடிக்கடி பேசுகிற கச்சத்தீவு, இலங்கை நிர்வாகத்தில் நெடுந்தீவைச் சேர்ந்தது. ஆண்டுக்கொருமுறை பிப்ரவரி அல்லது மார்ச்சில் அந்தோணியார் திருவிழாவுக்கு ராமேஸ்வரத்திலிருந்தும் நெடுந்தீவுப் பக்கத்திலிருந்தும் படகுகள் போகும். இரண்டு நாள். கொடியேற்றம், சிலுவைப் பாதை, தேர், மறுநாள் காலைப் பூசை, பிறகு அவரவர் படகு. கச்சத்தீவில் குடிநீர் கிடையாது. குடிக்கிற தண்ணீரையும் இரு கரைக்காரர்களும் படகில்தான் கொண்டுவர வேண்டும்.