வீரர்களுக்குச் சொன்ன வீடுகள்

முதல் உலகப்போர் முடிந்ததற்காக 1919 ஜூலை 19 அன்று பிரிட்டன் முழுவதும் சமாதான நாள் கொண்டாடப்பட்டது. லண்டனுக்கு வடக்கே, தொப்பித் தொழிலுக்குப் பேர்போன லூட்டன் நகரத்திலும் ஊர்வலமும் வாத்தியமும் களைகட்டின. ஆனால் நகரசபை திட்டமிட்ட விருந்தில், போரிலிருந்து திரும்பிய சாதாரணச் சிப்பாய்களுக்கு இடமில்லை. இறந்துபோன தோழர்களுக்காக வார்டவுன் பூங்காவில் ஒரு நினைவு வழிபாடு நடத்திக்கொள்கிறோம் என்று அவர்கள் கேட்டதற்கும் அனுமதி கிடைக்கவில்லை.

மேயர் நகர மண்டபத்தின் வாசலில் நின்று அரசரின் பிரகடனத்தை வாசித்தபோது கூச்சல் எழுந்தது. கூட்டம் கதவை உடைத்து உள்ளே புகுந்தது. மேசை நாற்காலிகள் ஜன்னல் வழியாகத் தெருவில் வந்து விழுந்தன. இரவில் மறுபடியும் திரண்டவர்கள் பெட்ரோல் ஊற்றித் தீ வைத்தார்கள். தீயணைப்பு வீரர்களின் குழாய்களை வெட்டினார்கள். ஓர் இசைக்கருவிக் கடையிலிருந்து பியானோக்களை நடுத்தெருவுக்கு இழுத்து வந்து, போர்க்காலத்தில் வீட்டுக்கு வீடு ஒலித்த ‘கீப் த ஹோம் ஃபயர்ஸ் பர்னிங்’ பாட்டைப் பாடினார்கள். ராணுவம் வந்துசேர்ந்தபோது லூட்டன் நகர மண்டபம் கருகிய சுவர்களாக நின்றது.

குடிவெறியில் நடந்த கலவரம் என்று இதை ஒதுக்கியவர்கள் அப்போதே இருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களுக்கு என்ன சொல்லப்பட்டிருந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் அப்படி ஒதுக்க மனம் வராது.

அதற்கு எட்டு மாதங்களுக்கு முன்புதான், போர் ஓய்ந்த சூடு ஆறுவதற்குள், பிரதமர் டேவிட் லாயிட் ஜார்ஜ் பொதுத்தேர்தலை அறிவித்திருந்தார். 1918 நவம்பரில் வுல்வர்ஹாம்ப்டன் நகரில் பேசியபோது, வீரர்கள் வாழ்வதற்குத் தகுதியான நாடாக பிரிட்டனை ஆக்குவதே இனி நம் வேலை என்றார். சேரியும் நெரிசலும் நோயும் ஒழிக்கப்படும் என்ற உறுதி அந்தத் தேர்தல் முழுக்க எதிரொலித்தது. வாக்காளர்களும் புதியவர்கள். 21 வயதான ஆண்கள் எல்லோருக்கும், 30 வயதைத் தாண்டிய பெண்களில் பெரும்பாலோருக்கும் அந்த ஆண்டுதான் வாக்குரிமை கிடைத்திருந்தது. 77 லட்சமாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை 2 கோடியே 10 லட்சத்தைத் தாண்டியது. வாழ்க்கையில் முதல்முறையாக வாக்களித்தவர்கள், முதல்முறையாக ஓர் அரசியல்வாதியின் சொல்லை நம்பி வாக்களித்தார்கள். டிசம்பர் 14 அன்று நடந்த தேர்தலில் 707 இடங்களில் 470க்கும் மேற்பட்டவை லாயிட் ஜார்ஜின் கூட்டணிக்குப் போயின.

வாக்குறுதி வெறும் மேடைப்பேச்சாக நிற்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வீடு எப்படி இருக்க வேண்டும் என்று ஆராய்ந்த டியூடர் வால்டர்ஸ் குழு, தேர்தலுக்கு முன்பே அறிக்கை கொடுத்துவிட்டது. ஓர் ஏக்கருக்குப் பன்னிரண்டு வீடுகளுக்கு மேல் கூடாது. மூன்று படுக்கையறைகள் வேண்டும். குளிக்கத் தனியிடம் வேண்டும். குளிர்காலத்திலும் எல்லா அறைகளுக்கும் வெயில் எட்டும்படி வீட்டுக்கு வீடு போதிய இடைவெளி வேண்டும். ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் படுத்து, முற்றத்துக் கக்கூஸைப் பத்துக் குடும்பங்களோடு பகிர்ந்துகொண்டவர்களுக்கு இது வேறோர் உலகம்.

அந்த உலகத்தைக் கட்டும் பொறுப்பு சுகாதாரத் துறை அமைச்சரான டாக்டர் கிறிஸ்டோபர் அடிசனிடம் வந்தது. உடற்கூறியல் பேராசிரியராக இருந்து அரசியலுக்கு வந்தவர். கிழக்கு லண்டனின் ஏழைத் தொகுதியான ஷோர்டிச்சின் உறுப்பினர். ஈரச்சுவர்களுக்கும் காசநோய்க்கும் உள்ள உறவு அவருக்கு மருத்துவராகவே தெரியும். 1919ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம் இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. மூன்றாண்டுகளில் 5 லட்சம் வீடுகள் என்பது இலக்கு. வீடுகளை உள்ளாட்சிகள் கட்ட வேண்டும். உள்ளூர் வரியில் பவுண்டுக்கு ஒரு பென்னி அளவுக்கு மட்டும் அவை நஷ்டத்தை ஏற்றால் போதும். மிச்சத்தை அரசு கஜானா ஏற்கும். ஏழைகளின் வீடு அரசின் கடமை என்று பிரிட்டனில் நாடு முழுமைக்குமாகச் சட்டத்தில் எழுதப்பட்டது அப்போதுதான். அதே ஆண்டு ஜூன் 4 அன்று பிரிஸ்டல் நகரின் ஸீ மில்ஸ் பகுதியில் அடிசன் முன்னிலையில் முதல் மண் வெட்டப்பட்டது. அன்று நட்ட ஓக் மரம் அவர் பெயரோடு நூறாண்டைக் கடந்து நிற்கிறது. சுற்றிலும் தோட்டத்தோடு கூடிய வீடுகள் இருக்கின்றன.

அந்தப் பரிவுக்குப் பின்னால் பயமும் இருந்தது. ரஷ்யப் புரட்சி நடந்து இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை. 1915இல் கிளாஸ்கோ நகரில் மேரி பார்பர் என்ற தொழிலாளர் குடும்பத்துப் பெண்ணின் தலைமையில் சுமார் 20,000 குடும்பங்கள் வாடகை தர மறுத்து, போர்க்கால வாடகையை உயர்த்தாமல் நிறுத்தும் சட்டத்தையே கொண்டுவர வைத்திருந்தன. 1919 ஜனவரி இறுதியில் அதே கிளாஸ்கோவில் வேலைநிறுத்தக்காரர்களுக்கும் போலீசுக்கும் மோதல் நடந்து, நகருக்குள் ராணுவமும் டாங்கிகளும் வந்தன. போலீஸ்காரர்களே வேலைநிறுத்தம் செய்த காலம் அது. மார்ச் மாதம் அமைச்சரவையில் பேசிய லாயிட் ஜார்ஜ், பத்துக் கோடி பவுண்டு செலவானாலும் நாட்டின் நிலைத்தன்மையோடு ஒப்பிட்டால் அது எம்மாத்திரம் என்று கேட்டார். புரட்சி வராமல் தடுப்பதற்கான காப்பீட்டுக் கட்டணம்தான் வீட்டுவசதிச் செலவு என்ற வாதம் நாடாளுமன்றத்திலேயே வைக்கப்பட்டது.

கட்டுமான வேலை மெதுவாக நடந்தது. செங்கல் இல்லை, மரம் இல்லை. கொத்தனார்களில் பலர் போரில் மாண்டிருந்தார்கள். இருந்தவர்களை அதிகக் கூலி கொடுத்து ஒப்பந்தக்காரர்கள் சினிமாக் கொட்டகைகளும் தொழிற்சாலைகளும் கட்ட இழுத்துக்கொண்டார்கள். பழைய வேலையின்மையை மறக்காத கட்டடத் தொழிற்சங்கங்கள், பயிற்சியில்லாத முன்னாள் சிப்பாய்களைச் சேர்த்துக்கொள்ளத் தயங்கின. உள்ளாட்சிகள் திறந்த சந்தையில் கடன் வாங்க வேண்டியிருந்தது; 1920 ஏப்ரலில் இங்கிலாந்து வங்கி வட்டியை 7 சதவீதத்துக்கு ஏற்றியது. ஒரு வீட்டின் விலை 900 பவுண்டைத் தாண்டியது. கட்டிமுடித்த வீடுகளின் வாடகையும் சேரியில் இருந்தவர்களுக்கு எட்டவில்லை; கொஞ்சம் வசதியான தொழிலாளிகள்தான் குடிபுக முடிந்தது.

இத்தனை இடைஞ்சல்களும் உண்மையானவை. ஆனால் திட்டத்தைக் கொன்றவை இவை அல்ல.

1921 தொடக்கத்தில் பத்திரிகை முதலாளி ரோதர்மியர் பிரபு ‘வீண்செலவு எதிர்ப்புக் கழகம்’ என்ற ஒன்றை ஆரம்பித்தார். வருமான வரி கட்டும் நடுத்தர வர்க்கத்தின் எரிச்சலை அவருடைய நாளேடுகள் நாள்தோறும் விசிறின. அந்த அலையில் ஆளும் கூட்டணி இடைத்தேர்தல்களில் தோற்றது. அதே சமயம் பொருளாதாரம் சரிந்து, அந்தக் கோடையில் வேலையற்றோர் எண்ணிக்கை 20 லட்சத்தைக் கடந்தது. தொழிற்சங்கங்கள் தளர்ந்துபோயின. புரட்சி பற்றிய பயம் அமைச்சர்களின் மனதிலிருந்து நீங்கியது. வரி கட்டுபவர் பற்றிய பயம் அந்த இடத்தைப் பிடித்தது.

பலியானவர் அடிசன். வசந்தத்திலேயே அவரைச் சுகாதாரத் துறையிலிருந்து மாற்றி, இலாகா இல்லாத அமைச்சராக்கினார்கள். வேலையே இல்லாத அமைச்சருக்கு 5,000 பவுண்டு சம்பளமா என்று நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தபோது, பிரதமர் நண்பரைக் காப்பாற்றவில்லை. சம்பளத்தைப் பாதியாகக் குறைக்கவும், கூட்டத்தொடரின் முடிவில் பதவியையே எடுத்துவிடவும் ஒப்புக்கொண்டார். ஜூலையில், ஏற்கெனவே ஒப்பந்தமான 1,76,000 வீடுகளோடு உள்ளாட்சிகளின் வேலையை நிறுத்திக்கொள்வதென்று அரசு அறிவித்தது. அடிசன் பதவி விலகினார். தனியார் கட்டியவற்றையும் சேர்த்து, அந்தச் சட்டத்தின் பலன் சுமார் 2,13,000 வீடுகள். சொன்னதில் பாதிகூட இல்லை. மறு ஆண்டு எரிக் கெடிஸ் தலைமையிலான குழு கல்வி உட்பட எல்லாத் துறைகளிலும் 8.7 கோடி பவுண்டு வெட்டச் சொல்லிப் பட்டியல் கொடுத்தது.

இதில் பொறுக்கமுடியாத விஷயம் ஒன்று உண்டு. திட்டத்தை நிறுத்திய நேரத்தில் விலைகள் விழுந்துகொண்டிருந்தன. 1922 முடிவதற்குள் அதே மாதிரி வீட்டை 400 பவுண்டுக்கும் குறைவாகக் கட்ட முடிந்தது. வேலையில்லாத கட்டடத் தொழிலாளிகள் வரிசையில் நின்றார்கள். ஓராண்டு பொறுத்திருந்தால் எல்லாமே மலிவாகியிருக்கும். விலை அதிகம் என்று சொல்லி நிறுத்தியவர்கள், விலை இறங்கிய பிறகும் மறுபடி தொடங்கவில்லை. அதனால்தான் இதை நிர்வாகத் தோல்வி என்று எழுதிவிட்டுப் போக முடியாது, மனமறிந்து கைவிட்டார்கள்.

அடிசன் 1922இல் ‘சேரிகளுக்கு இழைத்த துரோகம்’ என்று தலைப்பிட்டு ஒரு புத்தகமே எழுதினார். அந்த ஆண்டுத் தேர்தலில் ஷோர்டிச் அவரைத் தோற்கடித்தது. லாயிட் ஜார்ஜின் கதையும் அக்டோபரில் முடிந்தது; கூட்டணியிலிருந்த பழமைவாதிகளே அவரைக் கைகழுவினார்கள். அதற்குப் பிறகு இருபத்திரண்டு ஆண்டுகள் உயிரோடு இருந்தும் அவர் ஒருநாள்கூட அமைச்சராகவில்லை. போர் நினைவு நாள்களில் லண்டனின் செனோடாஃப் போர் நினைவுச்சின்னத்தின் முன்பு வேலையற்ற முன்னாள் சிப்பாய்கள் அணிவகுத்தார்கள். சிலரின் மார்பில் பதக்கங்களோடு அடகுக்கடைச் சீட்டுகளும் குத்தப்பட்டிருந்தன.

வாக்குறுதியில் மிச்சமிருந்ததைத் தூக்கி எடுத்தவர் கிளாஸ்கோவின் ஜான் வீட்லி. சுரங்கத் தொழிலாளியாக இருந்து முதல் லேபர் கட்சி அரசில் அமைச்சரானவர். 1924இல் அவர் கொண்டுவந்த சட்டம், 1933இல் ரத்தாகும் வரை சுமார் 5 லட்சம் வீடுகளைத் தந்தது. அந்த அரசு ஒன்பது மாதங்கள்தான் நீடித்தது.

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் அதே நாடகம் மறுபடி அரங்கேறியது, ஆனால் இந்தமுறை மக்கள் காத்திருக்கவில்லை. 1945 தேர்தலில் லேபர் கட்சியின் எர்னஸ்ட் பெவின் 50 லட்சம் வீடுகள் பற்றிப் பேசினார். சொன்ன அளவுக்கு வீடு எழும்பவில்லை. 1946 கோடையில், காலியாகிக் கிடந்த ராணுவ முகாம்களுக்குள் குடும்பங்கள் புகுந்தன. கைவண்டியிலும் குழந்தைகளின் தள்ளுவண்டியிலும் கட்டில் படுக்கையை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பிடித்த தகரக் குடிலின் கதவில் சாக்கட்டியால் பெயர் எழுதினார்கள். குழு அமைத்துத் தண்ணீரும் சமையலும் முறைவைத்துப் பார்த்துக்கொண்டார்கள். அக்டோபருக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முகாம்களில் சுமார் 40,000 பேர் குடியேறியிருந்தார்கள். அரசு அவர்களைத் துரத்தவில்லை. பெரும்பாலான முகாம்களை உள்ளாட்சிகள் ஏற்று நடத்தும்படி விட்டது. செப்டம்பரில் லண்டனின் பணக்காரப் பகுதியான கென்சிங்டனில், டச்சஸ் ஆஃப் பெட்ஃபர்ட் ஹவுஸ் என்ற அடுக்குமாடியைப் பிடித்தபோதுதான் கம்யூனிஸ்ட் தலைவர்கள் ஐவர் கைதானார்கள். காலி முகாமில் ஏழை நுழைவதைப் பொறுத்துக்கொள்ள முடிந்தது. பணக்காரன் தெருவில் நுழைவதை முடியவில்லை.

சொன்னதைச் செய்தவரும் இந்த வரலாற்றில் உண்டு. 1951இல் பழமைவாதக் கட்சி ஆண்டுக்கு 3 லட்சம் வீடுகள் என்று சொல்லி ஆட்சிக்கு வந்தது. ஹாரல்ட் மக்மில்லன் அந்தப் பொறுப்பை ஏற்று, 1953லேயே அந்த எண்ணைத் தாண்டினார். அதற்காக வீட்டின் அளவைச் சுருக்கினார் என்ற குறை நியாயமானது. ஆனாலும் சாவி கையில் கிடைத்தவர்களுக்கு அது வீடு. முடியாது என்று சொல்லப்படும் வேலை, அமைச்சர் ஒருவர் தன் பெயரைப் பணயம் வைத்தால் முடியும் என்பதற்கு மக்மில்லனின் இரண்டு ஆண்டுகளே சாட்சி. அந்தச் சாட்சி இருப்பதால்தான் மற்றவர்களின் சாக்குகளை ஏற்பது கடினமாகிறது.

2015 தேர்தலில் அதே கட்சி வேறொரு எண்ணைச் சொன்னது. முதல்முறை வீடு வாங்கும் 40 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, சந்தை விலையில் 20 சதவீதம் தள்ளுபடியோடு 2 லட்சம் ‘ஸ்டார்ட்டர் ஹோம்ஸ்’. கட்சி வென்றது. மறு ஆண்டு சட்டமும் நிறைவேறியது. சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவரும் விதிகள் மட்டும் வரவேயில்லை. இந்த வீடுகளுக்காகத் திட்டமிட்ட நிலங்களை வாங்கவும் சீர்படுத்தவும் ஏறக்குறைய 17.4 கோடி பவுண்டு செலவானது. 2019 நவம்பரில் தேசியத் தணிக்கை அலுவலகம் கணக்கெடுத்தபோது, அந்தத் திட்டத்தின்படி கட்டப்பட்ட வீடுகளின் எண்ணிக்கை பூஜ்யம்.

இதற்காக யாரும் வழக்குப் போட முடியாது. ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தத்தின் மீது பொதுவாக்கெடுப்பு நடத்துவதாகச் சொன்ன சொல்லை லேபர் அரசு காப்பாற்றவில்லை என்று ஸ்டூவர்ட் வீலர் என்ற தொழிலதிபர் தொடுத்த வழக்கில், தேர்தல் வாக்குறுதியை நிறைவேற்றும்படி நீதிமன்றம் கட்டாயப்படுத்த முடியாது, அது அரசியல் களத்தில் தீர வேண்டியது என்று லண்டன் உயர்நீதிமன்றம் 2008இல் சொல்லிவிட்டது. அரசியல் களத்தில் தீர்ப்பு வராமலும் இல்லை. கல்லூரிக் கட்டண உயர்வை எதிர்த்து வாக்களிப்போம் என்று மாணவர்களுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த லிபரல் டெமாக்ரட் கட்சியினர், 2010 டிசம்பரில் கட்டண வரம்பு 9,000 பவுண்டாக உயர்ந்தபோது ஏறக்குறைய பாதிப்பேர் அதற்கு ஆதரவாக வாக்களித்தார்கள். 2015இல் அவர்களின் 57 இடங்கள் எட்டாகச் சுருங்கின.

பிரிட்டிஷ் சமூக மனப்பாங்கு ஆய்வு, எந்தக் கட்சியின் அரசாக இருந்தாலும் கட்சி நலனைவிட நாட்டின் நலனை முன்னே வைக்கும் என்று நம்புகிறீர்களா என்று 1986 முதல் மக்களைக் கேட்டுவருகிறது. 2024இல் வெளியான முடிவில் 45 சதவீதம் பேர் கிட்டத்தட்ட ஒருபோதும் நம்புவதில்லை என்றார்கள். அந்தக் கேள்விக்கு அதுவரை வந்தவற்றில் அதுவே மிக அதிகம். அந்த ஆண்டு ஜூலைத் தேர்தலில் லேபர் கட்சி, ஐந்தாண்டுப் பதவிக்காலத்துக்குள் 15 லட்சம் வீடுகள் என்று அறிக்கையில் எழுதி ஆட்சிக்கு வந்தது.