லூகாஸ்: பர்மிங்காமிலிருந்து பாடி வரை

லூகாஸ் என்பது தந்தையின் பெயரிலிருந்து பிறந்த ஆங்கிலக் குடும்பப்பெயர். சென்னையில், அம்பத்தூர் போகும் வழியிலுள்ள பாடியில், இது தொழிற்சாலையின் பெயராகவும் பேருந்து நிறுத்தத்தின் பெயராகவும் வழங்குகிறது.

தமிழ் விவிலியத்தில் லூக்கா என்று வரும் நற்செய்தியாளரின் பெயரே இதன் வேர். தென் இத்தாலியின் லுக்கானியா பகுதியைச் சேர்ந்தவன் என்று பொருள் சொல்வார்கள். இங்கிலாந்து மக்களின் வாயில் அது 'லூக்' ஆனது. இலத்தீனில் ஆவணம் எழுதியவர்கள் 'லூகாஸ்' என்றே பதிந்தார்கள். இரண்டும் குடும்பப்பெயர்களாக நிலைத்தன. நம் இனிஷியல் தலைமுறைதோறும் மாறும். அங்கோ, 1066இல் நார்மானியர் வென்ற பிறகு மாறாத குடும்பப்பெயர் வழக்கம் மெல்லப் பரவியது. ஏதோ ஒரு லூக்காவின் மகனுக்கு இட்ட அடையாளம் அவன் வழிவந்தவர்கள் அனைவருக்கும் ஒட்டிக்கொண்டது. லூக்காக்கள் ஊருக்கு ஊர் இருந்ததால், லூகாஸ்கள் எல்லோரும் ஒரே வம்சத்தார் அல்லர்.

ஹென்றி லூகாஸ் விட்டுச்சென்ற சொத்தைக் கொண்டு 1663இல் கேம்பிரிட்ஜில் அமைந்த கணிதப் பேராசிரியர் பதவியில் நியூட்டனும், பிற்காலத்தில் ஸ்டீபன் ஹாக்கிங்கும் இருந்தனர். ஆனால் பாடிக்கு வந்து சேர்ந்தது வேறொரு லூகாஸின் பெயர்.

ஜோசப் லூகாஸ் (1834–1902) பர்மிங்காம் தெருக்களில் வண்டி தள்ளிக்கொண்டு பாரஃபின் எண்ணெயும் வாளிகளும் விற்றவர். எண்ணெய் விற்றவர் விளக்கு செய்யத் தொடங்கினார். முன்சக்கரம் ஆளுயரம் இருந்த அந்நாளைய சைக்கிளில், சக்கரத்தின் குடத்தில், ஆரங்களுக்கு நடுவே தொங்கவிடும் எண்ணெய் விளக்கை 'கிங் ஆஃப் தி ரோடு' என்ற பெயரில் விற்றார். மகன் ஹாரியும் தொழிலில் சேர்ந்தார். மோட்டார் வாகனம் வந்ததும் விளக்கோடு டைனமோ, ஸ்டார்ட்டர் மோட்டார் என்று நிறுவனம் விரிந்தது.

அந்த நிறுவனம் டி.வி.எஸ். குழுமத்துடன் கூட்டாக 1961இல் தொடங்கியதுதான் பாடியிலுள்ள லூகாஸ்-டிவிஎஸ். குழுமத்தை நிறுவிய சுந்தரம் அய்யங்காரின் 'டி', திருநெல்வேலிச் சீமைத் திருக்குறுங்குடியைக் குறிக்கும். ஊரைச் சுமக்கும் தமிழ் முதலெழுத்தும் தந்தையைச் சுமக்கும் ஆங்கிலப் பெயரும் ஒரே பலகையில் சேர்ந்து நிற்பது, பெயர் வரலாற்றில் ஈடுபாடுள்ளவர்கள் நின்று பார்க்க வேண்டிய ஒன்று. பக்கத்திலேயே சுந்தரம்-கிளேட்டன் ஆலையும் அமைந்தது; அந்தக் கிளேட்டன், 'களிமண் ஊர்' என்று பொருள்படும் இங்கிலாந்து ஊர்ப்பெயரிலிருந்து வந்தது. அம்பத்தூர் டயர் ஆலைக்குப் பெயர் தந்த டன்லப்பும் ஸ்காட்லாந்தில் ஓர் ஊர்தான்.

தேவாரப் பாடல் பெற்ற திருவலிதாயமே பாடி. அந்தப் பழைய ஊரில் இன்று "லூகாஸ்ல இறங்கிக்கோ" என்று வழி சொல்கிறார்கள்.

பர்மிங்காம் லூகாஸ் 1996இல் அமெரிக்காவின் வேரிட்டி நிறுவனத்துடன் இணைந்தது, 1999இல் டி.ஆர்.டபிள்யூ. நிறுவனத்தின் வசமானது. 2001இல் ஆங்கிலேயர் வழிவந்த பங்குகளை டி.வி.எஸ். வாங்கிக்கொண்டது; பெயரை எடுக்கவில்லை. 2004இல் தர மேலாண்மைக்கான ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றதும் லூகாஸ்-டிவிஎஸ் என்ற பெயரில்தான்.