தேநீர்ப் பொட்டலத் தாளும் ஓவியமாகுமா? - கோ பெங் குவானின் 'கலப்பு ஊடக' உலகம்

கண்காட்சிக்குப் போகிறீர்கள். சுவரில் ஓர் ஓவியம். கிட்டே போனால் அதில் வண்ணம் மட்டும் இல்லை... கசங்கிய தாள், துணித் துண்டு, மங்கிப்போன எழுத்து.

"அட, இதை நானே ஒட்டியிருப்பேனே!" என்று தோன்றுகிறதா? தப்பில்லை. எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

இந்த வகைக்குப் பெயர் 'மிக்ஸ்ட் மீடியா', அதாவது கலப்பு ஊடக ஓவியம். சிங்கப்பூரில் இதைப் பற்றிப் பேசினால் ஓவியர் கோ பெங் குவானைத் தவிர்க்க முடியாது.

யார் அவர்?

1937இல் இந்தோனேசியாவின் மேடான் நகரில் பிறந்தவர். சிங்கப்பூரில் வளர்ந்தார். 1962இல் நியூயார்க் சென்று 'ஆர்ட் ஸ்டூடண்ட்ஸ் லீக்' பள்ளியில் பயின்றார்.

அங்கேதான் கொலாஜ் அவரைப் பிடித்துக்கொண்டது. 'ஒட்டு' எனும் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. பிக்காசோவும் பிராக்கும் 1912லேயே ஓவியத்தில் தாளையும் துணியையும் ஒட்டத் தொடங்கிவிட்டார்கள். அதனால் ஒட்டுவது ஒன்றும் புதுசு இல்லை. எதை ஒட்டுகிறோம் என்பதுதான் கேள்வி.

சைனாடவுன் தந்த பொருள்கள்

1960களின் நடுவில் திரு கோ நாடு திரும்பினார். நியூயார்க் பாணியை அப்படியே தொடர்ந்திருக்கலாம். ஆனால் அவர் கை போனது தேநீர்ப் பொட்டலத் தாள், சீன எழுத்தோவியத் தாள், பழைய துணி போன்றவற்றின் பக்கம்.

அந்த நேரத்தில் சைனாடவுன் வேகமாக மாறிக்கொண்டிருந்தது. கடைவீடுகளில் நெருக்கியடித்து வாழ்ந்தவர்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் போனார்கள். 1983இல் தெருவோரக் கடைக்காரர்கள் கட்டடத்துக்குள் மாற்றப்பட்டனர். பொட்டலத்தைப் பிரித்ததும் குப்பைக்குப் போகும் தாள், ஓவியத்தில் ஏறினால் ஒரு தெருவின் ஞாபகமாகிவிடுகிறது. அதைத் தூரிகையால் வரைந்து காட்டலாம்தான். ஆனால் அந்தத் தாளே அங்கு இருப்பது வேறு விஷயம், இல்லையா?

1982இல் யூஓபி வங்கி முதன்முறையாக நடத்திய ஓவியப் போட்டியில் அவரது 'தி டியூன்' (மணல்மேடு) வென்றது. 1989இல் கலாசாரப் பதக்கம் கிடைத்தது. சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் பகுதிகள் பாதுகாக்கப்பட்ட வட்டாரங்களாக அறிவிக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான்!

ஒட்டினால் போச்சா?

அவ்வளவு சுலபம் இல்லை. பொட்டலத் தாளும் செய்தித்தாளும் நீண்ட நாள் இருப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. மலிவான மரக்கூழ்த் தாளில் 'லிக்னின்' இருக்கும். வெளிச்சம் பட்டால் அது மஞ்சளாகும், நாளாக நாளாக நொறுங்கும்.

அதோடு நம் ஊர்க் காற்று வேறு! சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும். தாள் ஈரத்தை உறிஞ்சி உப்பும், காய்ந்ததும் சுருங்கும். துணி விரிவது ஒரு மாதிரி, தாள் விரிவது ஒரு மாதிரி. நடுவில் மாட்டிக்கொள்வது பசைதான். மாவுப் பசை என்றால் ராமபாணப் பூச்சிக்கு விருந்து, பூஞ்சையும் வரும்.

கலப்பு ஊடகப் படைப்புகள் வெளிச்சம் குறைந்த, குளிரூட்டப்பட்ட அறையில் இருப்பதற்கு இதுவே காரணம். தொடத்தான் தோன்றும்... தொடாதீர்கள். விரலின் எண்ணெய்ப் பசையும் கறையாகிவிடும். பதிலாக, பக்கவாட்டில் நின்று பாருங்கள். மேடு பள்ளங்களின் நிழல் அப்போதுதான் தெரியும்.

நீங்களும் முயலலாமா?

தாராளமாக. அமிலமற்ற கெட்டி அட்டை ஒன்று, பசைக்கு அக்ரிலிக் மீடியம். சொரசொரப்பு வேண்டுமா? அக்ரிலிக் மாடலிங் பேஸ்ட்டில் கழுவிக் காயவைத்த மணலைக் கலக்கலாம். கடற்கரை மணலை அப்படியே போட்டால் அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுக்கும்.

இன்னொன்று: எண்ணெய் வண்ணத்தின்மேல் அக்ரிலிக் பூசாதீர்கள். பிடிக்காமல் உரிந்துவிடும். முதலில் அக்ரிலிக், அது நன்றாகக் காய்ந்தபிறகு எண்ணெய்.

தாளுக்கு எங்கே போவது என்கிறீர்களா? வீட்டில் மளிகைச் சாமான் பிரிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். அம்மா கசக்கிப் போடுவதற்கு முன் வாங்கிக்கொள்ளுங்கள்.