சனாதிபதி வேட்பாளர்: நியமனமும் தெரிவும் - இலங்கை அனுபவம் பற்றிய சில குறிப்புகள்

நிறைவேற்று அதிகாரம் கொண்ட சனாதிபதி மக்களால் நேரடியாகத் தெரிவுசெய்யப்படுபவர் என்பதே அப்பதவிக்குச் சார்பாகக் கூறப்படும் முதன்மையான வாதமாகும். ஆயின் இலங்கையில் அப்பதவியில் முதன்முதல் அமர்ந்தவர் அதற்கென நடந்த தேர்தலொன்றில் வென்றவரல்லர். 1966 டிசெம்பரிலேயே இத்தகைய ஆட்சிமுறையை விதந்துரைத்திருந்த ஜே. ஆர். ஜயவர்த்தனா, 1977இல் கிடைத்த பாராளுமன்றப் பெரும்பான்மையைக் கொண்டு 1972ஆம் ஆண்டு யாப்பைத் திருத்தி, 1978 பெப்ரவரி 4ஆம் திகதி பிரதமர் ஆசனத்திலிருந்து சனாதிபதி ஆசனத்துக்கு மாறினார். சட்டமன்றத்தின் சலனங்களுக்கு ஆட்படாத உறுதியான நிறைவேற்றுத்துறை அவர் வேண்டிநின்றது. அவ்வுறுதி யாருக்கு எதிராக வேண்டப்பட்டது என்பதை, திறந்த பொருளாதாரம் புகுத்தப்பட்ட பின்னர் 1980 யூலை வேலைநிறுத்தக்காரர் பல்லாயிரவர் வேலையிழந்தமை காட்டிற்று.

வேட்பாளர் நியமனம் பற்றிய விதி போதிய கவனத்தைப் பெற்றதில்லை. 1978ஆம் ஆண்டு யாப்பின் 31ஆம் உறுப்புரையின்படி, அங்கீகரிக்கப்பட்ட அரசியற் கட்சியொன்று தகுதியுள்ள எவரையும் நியமிக்கலாம். வேறு கட்சியோ தனியொரு வாக்காளரோ நியமிப்பதாயின், நியமிக்கப்படுபவர் சட்டமன்றத்தின் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினராக இருப்பவராகவோ முன்பு இருந்தவராகவோ இருத்தல் வேண்டும். எனவே தோட்டத் தொழிலாளி ஒருவரோ மீனவர் ஒருவரோ அங்கீகாரம் பெற்ற கட்சியின் தயவின்றி இப்போட்டியில் இறங்க இயலாது. கட்சிக்குள் வேட்பாளர் எவ்வாறு தெரிவாகிறார் என்பது பற்றியோ யாப்பு எதுவும் கூறுவதில்லை; அது மத்திய குழுக்களினதும், பல வேளைகளிற் குடும்பங்களினதும் காரியமாகவே இருந்துவந்துள்ளது. 1994 ஒக்டோபரிற் காமினி திசாநாயக்க கொல்லப்பட்டபோது, அவருடைய துணைவியார் ஸ்ரீமாவே அவ்விடத்துக்கு நிறுத்தப்பட்டார்.

1982 ஒக்டோபர் 20ஆம் திகதி நடந்த முதலாவது தேர்தலைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னரே சிறிமாவோ பண்டாரநாயக்காவின் குடியியல் உரிமைகள் பறிக்கப்பட்டிருந்தன. பிரதான எதிராளி யாரென்பதை இவ்வாறு ஆளுந்தரப்பே ஓரளவு தீர்மானித்துவிட்டது. தேர்தற் காலத்தையும் அதுவே தீர்மானித்தது: முதற் பதவிக்காலத்தில் நான்காண்டுகள் முடிந்ததும் மீண்டும் மக்களிடம் செல்ல அனுமதிக்கும் மூன்றாம் திருத்தம் அவ்வாண்டிலேயே நிறைவேறியது. ஆறு வேட்பாளர் நின்றனர். ஜயவர்த்தனா 52.91 வீதமும், ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியின் ஹெக்டர் கொப்பேகடுவ 39.07 வீதமும் பெற்றனர்.

யாழ்ப்பாண மாவட்ட முடிவு இவற்றினும் சிந்தனைக்குரியது. அங்குப் பாதிக்கும் குறைவானோரே வாக்களித்தனர். தமிழ்க் காங்கிரசின் குமார் பொன்னம்பலம் முதலிடம் பெற்றார். இரண்டாமிடம் ஜயவர்த்தனாவுக்கன்று, கொப்பேகடுவவுக்கே கிடைத்தது. 1972ஆம் ஆண்டு யாப்பை ஆக்கிய அரசாங்கத்தின் விவசாய அமைச்சருக்கு யாழ்ப்பாணத்தவர் இவ்வளவு வாக்களித்தது ஏன்? இன உணர்வு ஒன்றையே அளவுகோலாகக் கொள்வோருக்கு இவ்வினா இடர்ப்பாடானது. 1970-77 காலத்து இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் வடபுலத்து வெங்காய, மிளகாய்ச் செய்கையாளர் கண்ட செழிப்பும், திறந்த பொருளாதாரம் அவர்களுக்கு இழைத்த நட்டமும் இங்கு நினைக்கத்தக்கன. தோட்டத்து வெங்காயமும் வாக்குப் பெட்டிக்குள் விழுந்தது எனலாம். வர்க்க நலன் இன முரண்பாட்டை இல்லாதொழித்தது என்று இதனைக் கொண்டு நாட்ட முனைவதும் தவறு. முதலிடம் பெற்றவர் யாரென்பதை மறத்தலாகாது.

அதே தேர்தலில் மலையகத் தொழிலாளர் பலருக்கு வாக்கே இருக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் விளைத்த நாடற்ற நிலை முற்றாக நீங்கியிருக்கவில்லை. 1988 டிசெம்பர்த் தேர்தலுக்குச் சற்று முன்னரே எஞ்சியோருக்கு உரிமை வழங்கும் சட்டம் வந்தது. காலப்பொருத்தம் தற்செயலானதன்று, நாடு முழுவதும் ஒரே தொகுதியாகும்போது எந்தச் சிறு வாக்குத்தொகுதிக்கும் பேரம்பேசும் வலு உண்டாகிறது. பிரேமதாச அவ்வாண்டு 50.43 வீதத்தால் வென்றார். வன்முறை காரணமாகத் தென்னிலங்கையில் வாக்களிப்பு வீழ்ந்திருந்த நிலையில், மலையக வாக்குகளே அவ்வெற்றியை ஆக்கின என அறுதியிடுதல் மிகையாகும். 2005இல் இதன் மறுபுறம் வெளிப்பட்டது. விடுதலைப் புலிகளின் பகிஷ்கரிப்பின் கீழ் வடபுலம் வாக்களியாதிருக்க, மகிந்த ராஜபக்ஷ 50.29 வீதத்துடன், ஏறத்தாழ 1,81,000 வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.

செல்லுபடியான வாக்குகளில் அரைவாசிக்கு மேற்பட்டதைப் பெறுபவரே வெற்றியாளர். எவரும் அதனைப் பெறாவிடின், முதலிருவர் தவிர்ந்த ஏனையோர் நீக்கப்பட்டு, அவர்களுக்கு வாக்களித்தோரின் இரண்டாம், மூன்றாம் விருப்புகள் எண்ணப்படும். 2024 செப்டெம்பரிலேதான் இவ்வேற்பாடு முதன்முறை செயற்பட்டது. முதலெண்ணிக்கையில் அநுர குமார திசாநாயக்க 42.31 வீதமும் சஜித் பிரேமதாச 32.76 வீதமும் பெற்றிருந்தனர். ஏனையோருக்கு விழுந்த வாக்குகள் 33 இலட்சத்துக்கு மேல். அவற்றிலிருந்து இவ்விருவருக்கும் வந்துசேர்ந்த விருப்புகள் 1,05,264உம் 1,67,867உம் மட்டுமே. பத்தில் ஒரு பங்கினர்கூட இல்லை. ஆகவே அநுர இறுதியிற் பெற்ற 57,40,179 வாக்குகள் முழுச் செல்லுபடியான வாக்குகளில் அரைவாசியை எட்டவில்லை. எண்ணிக்கையில் எஞ்சியிருந்த வாக்குகளில் மட்டுமே அது பெரும்பான்மையாயிற்று. நிறைவேற்றுச் சனாதிபதி முறையை ஒழிப்பதாக வாக்களித்து வந்த அணியின் தலைவர், அம்முறையின் இதுகாறும் பயன்படாத விதியொன்றின் வழியாகவே அப்பதவியை அடைந்தார்.