தாங்குவது வேறு, சுத்தம் செய்வது வேறு



அடையாறு சர்தார் படேல் சாலையில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தைப் பார்த்திருப்பீர்கள். 1948-இல் தொடங்கியது. தோல் பதனிடப் பெரும்பாலும் குரோமிய உப்பைப் பயன்படுத்துகிறார்கள். அந்த உப்பைத் தயாரித்த ராணிப்பேட்டை தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை 1990-களில் மூடப்பட்டது. ஒரு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு அங்கேயே கிடந்தது. அதிலிருந்து குரோமியம் நிலத்தடி நீரில் இறங்கியது.

ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் நீரில் எளிதில் கரையும், புற்றுநோய் தரக்கூடியது. ஆனாலும் அப்படிப்பட்ட மண்ணில் சில பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. எப்படி? சிலவற்றிடம் ‘சி.ஹெச்.ஆர்.ஏ’ என்ற மரபணு உண்டு. அது உருவாக்கும் புரதம், உள்ளே நுழைந்த குரோமேட்டை மோட்டார் பம்பு போல வெளியே தள்ளிவிடும். பல சமயம் இந்த மரபணு பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையத்தில் இருக்கும். பக்கத்து பாக்டீரியாவுக்கும் கைமாறும்.

வெளியே தள்ளினால் பாக்டீரியா பிழைக்கும், மண் சுத்தமாகாது. வேறு சில நொதிகள்தான் அதை மூன்று இணைதிறன் குரோமியமாக மாற்றும். அது எளிதில் கரையாது, நஞ்சும் குறைவு. நமக்கு உதவுவது இந்த நொதிகளுக்கான மரபணுதான்.

அப்போதும் உலோகம் மறையாது, மண்ணிலேயே இருக்கும். ஆகவே, பிள்ளைகளே, பாக்டீரியா பார்த்துக்கொள்ளும் என்று யாராவது சொன்னால் கேளுங்கள்: அது தாங்குமா, மாற்றுமா? மிச்சத்தை யார் அள்ளுவது?